ஐப்பசி மழையும் கண்ணாடிக் கத்திமீனும்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் 'கிளாஸ் நைஃப்' என்று கேட்டால், விரல் நீளத்தில், உள்ளே இருக்கிற முள்ளெல்லாம் தெரிகிற ஒரு மீனைக் காட்டுவார்கள். அதற்கு முதுகுத் துடுப்பும் கிடையாது, வால் துடுப்பும் கிடையாது. உடம்பு பின்னால் போகப் போகச் சிறுத்து ஒரு நூலாக முடியும். தொண்டைக்குக் கீழே தொடங்கி அந்த நூல் பக்கம் வரை ஒரே நீளத் துடுப்பு ஓடும், காற்றில் ஆடுகிற புடவைக் கரை மாதிரி அலையடித்துக்கொண்டே இருக்கும். அலை தலையிலிருந்து வால் பக்கம் போனால் மீன் முன்னால் போகும். அலையைத் திருப்பிவிட்டால், உடம்பை வளைக்காமல், தலையைத் திருப்பாமல், அப்படியே பின்னால் வரும். ஐகன்மான்னியா விரெசென்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர்.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மீனைப் பதினோரு வருடமாக வளர்க்கிறேன். அதில் நான்கு வருடம் குஞ்சு எடுத்திருக்கிறேன். மற்ற வருடங்களில் என்ன தவறு செய்தேன் என்பதும் எனக்கு இப்போது தெரியும். கடையில் விற்கிற எந்தப் பொடியும் எந்தச் சொட்டு மருந்தும் இதை முட்டை போட வைக்காது. மழைக்காலம் வந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்தால்தான் போடும். அந்த மழைக்காலத்தைத் தொட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு முன்னால் மீனை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும், ஆண் பெண் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வரிசையாகப் போவோம்.

எந்தக் கத்திமீன்?

கத்திமீன் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மீன்கள் விற்கின்றன. உடம்பில் வரிசையாகக் கறுப்பு வட்டம் உள்ள 'கிளவுன் நைஃப்' தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. நம் காவிரியில் கிடைக்கிற சொட்டைவாளையின் குடும்பம்தான் அதுவும். மூன்றடி வரைக்கும் வளரும். வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம். வாங்கியவர்கள் இரண்டு வருடத்தில் வைக்க இடமில்லாமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இலங்கையில் அப்படி வெளியே போன கிளவுன் நைஃப் கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களைத் தின்று கொண்டிருக்கிறது.

'பிளாக் கோஸ்ட்' தென் அமெரிக்க மீன், கண்ணாடிக் கத்திமீனின் சொந்தக்காரன். அழகான மீன்தான், ஒன்றரை அடி வளரும். இந்தோனேசியாவில் பண்ணைகளில் குஞ்சு எடுக்கிறார்கள். ஆனால் வளர்ந்த இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று கந்தலாகிவிடும். ஆண் பெண் வித்தியாசமும் பெரிதான பிறகுதான், அதுவும் முகத்தின் நீளத்தை வைத்து, ஓரளவுக்குத் தெரியும். வீட்டில் முதல்முறை முயற்சி செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் கண்ணாடிக் கத்திமீனைத்தான் சொல்வேன். இது கூட்டமாக வாழ்கிற மீன். ஆணும் பெண்ணும் அளவிலேயே வேறுபடும். சத்தத்திலும் வேறுபடும். ஆம், சத்தம்தான். அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

தொட்டி, தண்ணீர், சாப்பாடு

ஒன்று இரண்டு என்று வாங்காதீர்கள். தனியாக விட்டால் குழாய்க்குள் போய் ஒடுங்கிக்கொண்டு சாப்பிடாமல் இளைத்துவிடும். குறைந்தது ஆறு, முடிந்தால் எட்டு வாங்குங்கள். சின்னதாக இருக்கும்போது நான்கடித் தொட்டி போதும். வளர்ந்த கூட்டத்துக்கு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். முழுக்க நிரப்பினால் 560 லிட்டர் பிடிக்கும். குஞ்சு எடுக்கிற எண்ணம் இருந்தால் இந்த அளவுக்குக் கீழே போகாதீர்கள். தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்க உயரம் தேவைப்படும். மூடி கட்டாயம். இரவில் எகிறிக் குதிக்கும்.

அடியில் மெல்லிய ஆற்று மணல் போடுங்கள். கூர்மையான சரளைக்கல் வேண்டாம். இந்த மீனின் செதில் மிகவும் சின்னது, தோல் சீக்கிரம் கிழியும். ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று மரவேர்த் துண்டு, ஒன்றரை இன்ச் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும். விளக்கு மங்கலாக இருக்கட்டும்.

மேலே மிதக்கிற செடி மிக முக்கியம். அமேசான் பக்கத்தில் இந்த மீன் பகலில் மிதக்கும் செடிக்கூட்டத்தின் வேர்களுக்குள் ஒளிந்திருக்கும். அந்தச் செடிகளில் ஒன்று நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஆகாயத்தாமரை. சில ஊர்களில் வெங்காயத்தாமரை என்பார்கள். நம் ஏரிகளையும் கால்வாய்களையும் மூடிக்கொண்டு கிடக்கிற அதே செடிதான், அதற்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. நான் ஒவ்வொரு வருடமும் நாலைந்து செடிகளை எடுத்து வந்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்திருந்துவிட்டுத் தொட்டியில் விடுவேன். கறுத்து அடர்ந்த அதன் வேர் மாதிரி இந்த மீனுக்குப் பிடித்த இடம் வேறில்லை. வேரைக் கண்டதும் மொத்தக் கூட்டமும் தலையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு உள்ளே சொருகிக்கொள்ளும்.

தண்ணீர் 24-லிருந்து 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் சித்திரை, வைகாசியில் தொட்டி 31-ஐத் தாண்டும். மூடியில் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஃபில்டருக்கு நல்ல பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு போதும். மெட்ரோ வாட்டராக இருந்தால் குளோரினைப் போக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

குச்சித் தீவனத்தை எதிர்பார்க்காதீர்கள். சிலது பழகும், பலது பழகாது. ஃப்ரோசன் பிளட்வார்ம் என்கிற சிவப்புப் புழு, உப்புத் தண்ணீரில் வளர்கிற ஆர்ட்டீமியா என்கிற குட்டி இறால், கொசுப்புழு, நறுக்கிய மண்புழு இவைதான் சாப்பாடு. விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்துப் போடுங்கள். சாக்கடை ஓரத்தில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவை நான் இப்போது தொடுவதில்லை. ஒருமுறை அதைப் போட்ட ஒரு வாரத்தில் மூன்று மீன் வயிறு வீங்கிச் செத்துப்போயின.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடைக்காரர் கொடுக்கிற மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு ஊற்றிவிடாதீர்கள். பாதி அளவு போதும். செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். கல்லுப்பும் வேண்டாம்.

மின்சாரத்தால் பார்க்கிற மீன்

இந்த மீன் வாழ்நாள் முழுவதும் ஒரு நொடிகூட நிறுத்தாமல் மின்சாரம் விடுகிறது. கையை விட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவு மெலிசானது. தன்னைச் சுற்றி அது பரப்புகிற மின்புலத்தில் ஒரு கல்லோ புழுவோ வந்தால் அந்த இடத்தில் மின்புலம் மாறும். அந்த மாற்றத்தைத் தோலில் உள்ள உணர்வுறுப்புகளால் தெரிந்துகொள்ளும். கலங்கிய தண்ணீரிலும் கும்மிருட்டிலும் வழி தெரிவது இப்படித்தான். சில மீன்கள் இப்படி மெல்லிய மின்சாரம் விடுகின்றன என்பதை 1951-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹான்ஸ் லிஸ்மன் ஓர் ஆப்பிரிக்க மீனில் கண்டு சொன்னார். நம் கண்ணாடிக் கத்திமீனில் வேறொரு அதிசயத்தை 1963-இல் வாத்தநபே, தகேதா என்ற இரண்டு ஜப்பானியர்கள் கண்டார்கள். இரண்டு மீன்களின் மின்துடிப்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருந்தால் ஒன்றின் உணர்வை மற்றொன்று கெடுத்துவிடும். அதனால் ஒன்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும், மற்றொன்று குறைத்துக்கொள்ளும்.

வளர்க்கிறவர்களுக்கு இதனால் என்ன? தொட்டிக்குள் மின்கசிவு இருந்தால் நமக்கு உறைக்காத அளவு கசிவும் இந்த மீனுக்கு உறைக்கும். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் என் மீன்கள் எட்டும் திடீரென்று தொட்டியின் இடது மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. சாப்பிடவில்லை. தண்ணீரைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் இருந்த சின்ன பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கியதும் ஐந்து நிமிடத்தில் எல்லா மீனும் நடுத்தொட்டிக்கு வந்துவிட்டன. பம்ப்பை எடுத்துப் பார்த்தால் வயர் உள்ளே நுழைகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. முப்பது வருடம் மின்சாரத்தோடு வேலை செய்த எனக்கு முன்னால் மீன்கள் அதைக் கண்டுபிடித்திருந்தன. அன்றிலிருந்து தொட்டி லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டிருக்கிறேன். நீங்களும் போடுங்கள், மீனுக்காக மட்டுமில்லை, தொட்டியில் கைவிடுகிற உங்களுக்காகவும்.

ஆணா பெண்ணா?

வளர்ந்த கூட்டத்தில் கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஆண் ஓரடிக்கும் நீளமாகப் போகும், பெண் அதில் பாதியோ சற்று அதிகமோதான். ஆனால் ஐந்தாறு இன்ச் இருக்கும்போது பெரியதெல்லாம் ஆண் என்று நினைத்துவிட முடியாது. நன்றாகச் சாப்பிட்ட பெண்ணாகவும் இருக்கும். அப்போதுதான் சத்தம் உதவுகிறது.

கண்ணாடிக் கத்திமீனின் மின்துடிப்பு நொடிக்கு ஏறக்குறைய 250-இலிருந்து 600 முறை. நம் காது கேட்கிற எல்லைக்குள்தான் அது இருக்கிறது, ஆனால் மின்சாரமாக இருக்கிறது. ஒரு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் சத்தமாகிவிடும். ரிச்சி தெருவில் எல்.எம். 386 ஐ.சி. போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு கிடைக்கும். அதோடு ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு மீட்டர் ஷீல்டு வயர் வாங்கிக்கொள்ளுங்கள். வயரின் ஒரு முனையில் இரண்டு இழைகளையும் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலில் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மறுமுனையை போர்டின் உள்ளீட்டில் பற்றவையுங்கள். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். அடாப்டரைச் செருகிய எந்தக் கருவியின் வயரையும் தண்ணீருக்குள் விடவே கூடாது.

ஸ்கேலைத் தண்ணீரில் விட்டு, மீன் இருக்கிற குழாய்க்குப் பக்கத்தில், மீனின் நீளவாக்கிலேயே பிடியுங்கள். தொட்டியின் மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் கேட்கும். சரியாகப் பிடித்தால் ஸ்ருதிப்பெட்டியைத் திறந்துவைத்த மாதிரி ஒரே சீரான ஒலி வரும். முதல்முறை அதைக் கேட்டபோது நான் அரைமணி நேரம் கையை எடுக்கவில்லை.

என் மகள் பாட்டு கற்றுக்கொண்டிருந்த சமயம் அது. ஸ்ருதி பார்க்கிற ஆப் அவள் போனில் இருந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்துவிட்டு, "அப்பா, இது ஆறு கட்டை" என்றாள். திரையில் 438 ஹெர்ட்ஸ். அடுத்த குழாயில் இருந்ததைப் பார்த்தோம். 296, இரண்டு கட்டைக்குப் பக்கம். கச்சேரி மேடை மாதிரியேதான்: ஆணுக்குத் தாழ்ந்த ஸ்ருதி, பெண்ணுக்கு உயர்ந்த ஸ்ருதி. கூட்டத்தில் எல்லாரையும் விரட்டுகிற பெரிய ஆணுக்குத்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும்விடக் குறைந்த எண் வரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தண்ணீர் சூடானால் எல்லா மீனுக்கும் ஸ்ருதி ஏறும். அதனால் ஒரே நாளில், ஒரே தொட்டியில், ஒரே வெப்பத்தில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு நோட்டில் ஒவ்வொரு மீனுக்கும் அடையாளம் எழுதி, மூன்று இரவுகள் எடுத்துப் பாருங்கள். முழுதாக வளராத குட்டிகளில் இதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

எனக்கு இரண்டு ஆண், ஐந்து அல்லது ஆறு பெண் என்ற கணக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆண் அதிகமாக இருந்தால் சண்டையிலேயே மழைக்காலம் போய்விடும். வால் நூல் அறுந்த மீனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வளர்ந்துவிடும்.

வெயில் காலத்தைத் தொட்டிக்குள் வைப்பது

அமேசான் படுகையில் வருடத்துக்கு ஒருமுறை ஆறு பொங்கும். மனாவுஸ் நகரத்துப் பக்கம் ஆற்றுமட்டம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காடு முழுவதும் தண்ணீராகும், குஞ்சுகளுக்குத் தீனியும் ஒளிய இடமும் அப்போதுதான் கிடைக்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்த மீன் முட்டை போடும். ஃபிராங்க் கிர்ஷ்பாவும் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1970-களில் இதைத் தொட்டியில் செய்து காட்டினார். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு படிப்படியாகக் குறைய வேண்டும், மட்டம் உயர வேண்டும், மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் விழ வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் மீனுக்கு முட்டை முற்றும்.

நான் முதலில் செய்த தவறு இங்கேதான். வருடம் முழுவதும் ஆர்.ஓ. தண்ணீரில் மெத்தென்று வைத்திருந்தேன். ஏற்கெனவே உப்பு குறைந்த தண்ணீரில் இருக்கிற மீனுக்கு மழை வந்தது எப்படித் தெரியும்? இரண்டு வருடம் ஒரு முட்டைகூட வரவில்லை. மழைக்காலம் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு வெயில் காலம் வேண்டும்.

ஆடி மாதத்திலிருந்து தொட்டித் தண்ணீரைப் பாதி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். ஐந்தடித் தொட்டியில் 280 லிட்டர் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் கையில் இருக்கட்டும். மெட்ரோ வாட்டரையும் போர் தண்ணீரையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று வாரத்தில் 380 பக்கம் கொண்டுவருவேன். ஒரே நாளில் ஏற்றாதீர்கள். பாதித் தொட்டியில் அத்தனை மீன் இருப்பதால் வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றுகிற தண்ணீரும் அதே 380-இல் இருக்கட்டும். சாப்பாடு ஒரு வேளை, அளவாக. இப்படியே புரட்டாசி முடிகிற வரை.

மழை

ஐப்பசி பிறந்ததும் மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டுவேன். காங்கிரீட் தளத்தில் வழிந்த தண்ணீர் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு வரும், காக்கை எச்சத்தையும் கொண்டு வரும். அதனால் மழைநீர் சேகரிப்புக் குழாயிலிருந்து பிடிப்பதில்லை. தார்ப்பாயை நாலு மூலையிலும் கட்டி நடுவில் தொய்யவிட்டு, அங்கே ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வைத்து நேராக டிரம்முக்கு விடுவேன். பத்தடிக்குப் பத்தடி தார்ப்பாயில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை ஒரு இரவு நன்றாக அடித்தால் 500 லிட்டர் டிரம் இரண்டும் ஏறக்குறைய நிரம்பிவிடும். முதல் இரண்டு மழையைப் பிடிக்காதீர்கள், வானத்தில் உள்ள தூசியெல்லாம் அதில்தான் இறங்கும். மூன்றாவது மழையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் என் மாடியில் 12-லிருந்து 20-க்குள் காட்டும். டிரம்மைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டிவையுங்கள்.

கணக்கு இதுதான். தினமும் சாயந்திரம் தொட்டியிலிருந்து 15 லிட்டர் எடுத்துவிட்டு 25 லிட்டர் மழைத் தண்ணீர் சேர்க்க வேண்டும். மட்டம் நாளுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஏறும். நான்கு வாரத்தில் தொட்டி நிறையும், 380 இருந்த மீட்டர் 80-க்கு வந்திருக்கும். அதன் பிறகு மட்டம் ஏறாது, தினமும் 25 எடுத்து 25 ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் இறங்கி 50 பக்கம் வரும். மழை ஒரு வாரம் ஏமாற்றினால் ஆர்.ஓ. தண்ணீரை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது.

தண்ணீரை வாளியோடு கவிழ்க்காதீர்கள். முக்கால் இன்ச் பி.வி.சி. குழாயில் அரை இன்ச்சுக்கு ஒன்றாக மெல்லிய துளைகள் போட்டு, தொட்டியின் நீளத்துக்கு மேலே வையுங்கள். புது மழைத் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டட்டும். இரவு முழுக்க ஒரு சின்ன பம்ப் தொட்டித் தண்ணீரையே எடுத்து அந்தக் குழாயில் விட்டுக்கொண்டிருக்கட்டும். மீன்களின் நடமாட்டம் முதல் வாரத்திலேயே மாறிவிடும். குழாய்க்குள் கிடந்தவை வெளியே வந்து மழை விழுகிற இடத்துக்குக் கீழே கூடும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு ஆபத்து உண்டு. மழைத் தண்ணீரில் பி.எச்.சை நிலையாகப் பிடித்துவைக்கிற தாங்குசக்தி கிடையாது, அதனால் பி.எச். இறங்கிக்கொண்டே போகும். 6-க்குக் கீழே போனால் ஸ்பாஞ்சில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவைப் போக்குகிற பாக்டீரியா மந்தமாகிவிடும். அப்போது பதறிப்போய் சோடா உப்பைப் போட்டு பி.எச்.சை ஏற்றாதீர்கள். அமிலத் தண்ணீரில் அடங்கியிருந்த அம்மோனியா, பி.எச். ஏறியதும் ஒரே அடியாக விஷமாகிவிடும். சாப்பாட்டைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துப் போட்டு, மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நாட்டுவாதுமை இலை காய்ந்தது இரண்டு மூன்று போடலாம். தெருவில் விழுந்து கிடப்பதில் பழுத்து உதிர்ந்த சிவப்பு இலையாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு இப்போது நாளைக்கு மூன்று வேளை. மாடியில் ஒரு வாளி மழைத் தண்ணீரைத் திறந்து வைத்தால் கொசுப்புழு தானாக வரும். அதைவிடப் பெண் மீனை முட்டைக்குத் தயார் செய்கிற உணவை நான் பார்த்ததில்லை. தினமும் வடிகட்டி எடுத்துவிடுங்கள், கொசுவாகிப் பறக்கவிடாதீர்கள்.

மூன்றாவது வாரத்தில் இரவு பத்து மணிக்கு, தொட்டிக்குப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி உடம்பின் பயன் அப்போதுதான் தெரியும். பெண்ணின் செவுளுக்குப் பின்னால் சின்னதாக இருந்த வயிறு உப்பியிருக்கும். ஒளி ஊடுருவுகிற உடம்புக்குள் அந்த இடம் மட்டும் வெளிர்மஞ்சளாக, ரவையை நெய்யில் வறுத்து அடைத்த மாதிரி, மணிமணியாகத் தெரியும். நாள்தோறும் அது பெரிதாவதைப் பார்க்கலாம்.

அந்த இரவுகளில் ஸ்கேலைத் தண்ணீரில் விட்டுக் கேளுங்கள். பெரிய ஆணின் சீரான ஒலி அடிக்கடி ஒரு கணம் அறுந்து அறுந்து தொடரும். ஸ்ருதிப்பெட்டியின் துருத்தி நொடிக்குள் நின்று மறுபடி மூச்சு வாங்கின மாதிரி இருக்கும். பெண்ணை அழைக்கிற மொழி அது. மேரி ஹேகடோர்னும் வால்டர் ஹைலிகன்பெர்க்கும் 1985-இல் எழுதிய ஆய்வில், இந்தத் துண்டு ஒலியைத் தண்ணீருக்குள் மின்சாரமாகத் திருப்பி ஓடவிட்டாலே முட்டை முற்றிய பெண் முட்டையிடும் என்று காட்டினார்கள். ஆண் இரவு முழுக்க இப்படி அழைக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் முட்டையை எதிர்பார்க்கலாம்.

முட்டையும் குஞ்சும்

முட்டையிடுவது விடியற்காலையில். பெண் ஆகாயத்தாமரை வேருக்குள் ஏறி ஒவ்வொன்றாக ஒட்டவைக்கும், ஆண் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பெண்ணிடமிருந்து ஒரு தடவைக்கு நூறு, இருநூறு கிடைக்கும். ஓரிரு வாரம் கழித்து அதே பெண் மறுபடி போடும். காலையில் எழுந்ததும் வேரைக் கையால் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளிங்கு மாதிரி மணிகள் ஒட்டியிருக்கும்.

பெற்றவை முட்டையைக் காப்பதில்லை. செடியை வேரோடு, தண்ணீரை விட்டு அதிக நேரம் வெளியே எடுக்காமல், அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய இரண்டடித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மெல்லிய காற்று, லேசான நீலம் தெரிகிற அளவுக்குப் பூசண மருந்தான மெத்திலீன் ப்ளூ, இருட்டு. வெள்ளையாகிப்போன முட்டையைச் சொட்டுக்குழாயால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூசணம் பக்கத்து முட்டைக்குப் போகும். எனக்கு 27 டிகிரியில் மூன்றாம் நாள் பொரிந்தது. முதலில் கண்ணுக்கே தெரியாது, வேரில் தொங்குகிற நூல்துண்டு மாதிரி இருக்கும். மஞ்சள் கரு தீருகிற வரைக்கும் எதுவும் போடாதீர்கள். அவை இடம்விட்டு இடம் நகர ஆரம்பித்ததும் இன்ஃபியூசோரியா என்கிற நுண்ணுயிர்களைக் கொடுங்கள். அதற்கு முட்டைக்கோஸ் இலையை ஒரு பாட்டில் பழைய தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு நாலைந்து நாள் முன்னதாகவே தயாராக வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து அப்போதே பொரிந்த ஆர்ட்டீமியா. அதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள், உப்புத் தண்ணீரோடு ஊற்றினால் இத்தனை நாள் குறைத்த டி.டி.எஸ். ஒரே வாரத்தில் ஏறிவிடும். சாப்பிட்ட குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். தெரியாத குஞ்சு சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என்னிடம் பத்து நாள் குஞ்சுகள் இருந்தன. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் முதல் இரவோடு நின்றுபோனது. நானும் மகளும் முறைவைத்து, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு டம்ளரில் தண்ணீரை மொண்டு ஒரு ஜாண் உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். நூற்றி நாற்பதில் எண்பத்தி மூன்று பிழைத்தன. இப்போது இரண்டு பேட்டரி பம்ப்பும் ஒரு டஜன் செல்லும் ஐப்பசிக்கு முன்னாலேயே வாங்கிவிடுகிறேன்.

இரண்டு மாதத்தில் சுண்டுவிரல் நீளம் வந்துவிடும். அதற்குள் அளவு வாரியாகப் பிரித்துவிடுங்கள், பெரியது சின்னதைச் சாப்பிடவிடாது. ஆறு ஆறாகக் கொடுங்கள், ஒன்றிரண்டு கேட்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மிஞ்சினால் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், ஏரியிலோ கிணற்றிலோ விடக் கூடாது.

தை பிறந்ததும் பெரிய தொட்டியில் மேலிருந்து விழுகிற மழையை நிறுத்திவிடுங்கள். மட்டத்தை வாரத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் என்று இறக்குங்கள். மாற்றுகிற தண்ணீர் இனி மெட்ரோ வாட்டர். மீட்டர் 50-லிருந்து 200-க்கு வர இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். பெண் மீன்களின் வயிறு ஒட்டிப்போய் ஒளி மறுபடி முழுதாக ஊடுருவும். ஆகாயத்தாமரையை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள், பச்சையாக எந்த நீர்நிலைக்கும் திரும்பப் போக வேண்டாம்.